பதிமூணாவது ஆளின் குரல்

நீங்க சிரிக்கப் போறீங்க அக்கா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கப் போறீங்க. ஆனா இப்ப இல்லை. அந்த இடம் வர்றப்ப நானே சொல்றேன். அவசரப்பட்டு முன்னாடியே சிரிச்சுட்டீங்கன்னா அங்கே வந்து சிரிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.

உங்க கூடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கிறீங்களா? மடியில இருக்கற இது கசங்கக் கூடாது. ஏன் அப்படிப் பாக்கறீங்க, உள்ளே வெறும் புத்தகம்தான். ஸ்பைரல் பைண்டிங் போட்டது. அதுக்கு மேல நியூஸ் பேப்பர், நியூஸ் பேப்பருக்கு மேல டேப், டேப்புக்கு மேல இன்னொரு டேப். எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. ஒரு புத்தகத்துக்கு எதுக்கு இவ்வளவு கட்டு? "வழியில பிரிக்காமக் கொண்டு வா"ன்னு போன்ல வேற சொல்றான் எங்க அண்ணன். பிரிக்காதேன்னா என்ன அர்த்தம்? உள்ளே என்னைப் பத்தி என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?

சிரிப்பு வரும், இருங்க. புளியம்பட்டியே இன்னும் வரலை.

என் பேரு சுபிக்‌ஷா. சத்தியமங்கலம். ப்ளஸ் டூ படிக்கிறேன். எனக்கு ஒரு வித்தை தெரியும். யார் குரலையும் ரெண்டு தடவை கேட்டேன்னா அப்படியே பேசிடுவேன். இப்ப டிக்கெட் கொடுத்தாரே கண்டக்டர், "ஏறுனவங்க உள்ள போங்க, படிக்கட்டுல என்ன பொங்கலா வைக்கறீங்க?" ஐயோ, திரும்பிப் பாக்கறார். ஜன்னல் பக்கம் பாருங்க, ஜன்னல் பக்கம். எங்க ஹெச்.எம். குரல்ல மைக்ல லீவு விட்டு, மூணு கிளாஸ் பையைத் தூக்கிக்கிட்டு கேட் வரைக்கும் போயிருக்கு. அது வேற கதை.

இது எங்க அண்ணன் பூபதியோட கதை. சரவணம்பட்டி கிட்ட ஒரு காலேஜ்ல எம்.பி.ஏ. கடைசி வருஷம். கடைசி வருஷத்துல ஏதாவது ஒரு ஆராய்ச்சி பண்ணிப் புத்தகம் எழுதணும். அதை எழுதறதுக்கு முன்னாடி, 'நான் இந்த ஆராய்ச்சியைத்தான் பண்ணப் போறேன், இந்தக் காரணத்துக்காகப் பண்ணப் போறேன்'னு ஒரு ப்ரொபோசல் எழுதிக் கொடுக்கணும். பேனல்னு மூணு பேர் உக்கார்ந்து கேள்வி கேப்பாங்க. அவங்க சரின்னாத்தான் மேற்கொண்டு போகலாம். போன தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்கு ரெண்டாவது தடவை. இதுவும் போச்சுன்னா அடுத்த வருஷப் பசங்களோட உக்காரணும். கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி, படிப்பை முடிச்சுட்டு ஜூன் மாசம் வந்து சேருன்னு சொல்லியிருக்கு. அந்த வேலையும் போயிடும்.

இப்படிப்பட்ட நாள்ல, ப்ரொபோசல் மூணு காப்பில ஒண்ணை, இதோ இந்தக் கட்டை, மேஜை மேலயே மறந்து வச்சுட்டுப் போயிட்டானாம். மறந்துட்டானாம்! பல்லு தேய்க்கற பிரஷ்ஷுக்கே பேர் எழுதி ஒட்டி வச்சிருக்கற ஆளு. நான் நம்பலை. ஏன் விட்டுட்டுப் போனான்னு எனக்குத் தெரியும். அதைக் கடைசியில சொல்றேன்.

முதல் ப்ரொபோசல் எதுக்குத் திரும்பி வந்துச்சுன்னா, தலைப்பு அப்படி. 'தொழிலாளர்களின் பணித் திருப்தி.' அவனோட கைடு அருணகிரி சார். நான் அவரை நேர்ல பார்த்ததில்லை. அண்ணன் ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறப்ப கேட்டுக் கேட்டுப் பிடிச்சேன். மூக்குல கொஞ்சம், தொண்டையில கொஞ்சம். "பூபதி, இந்தத் தலைப்புக்கு நான் முப்பத்தாறு பேருக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. முப்பத்தாறு கம்பெனியிலயும் தொழிலாளிங்க திருப்தியாத்தான் இருக்காங்க. முப்பத்தேழாவதா நீ போய்க் கேட்டா அழுவாங்களா? உன் ஊர்ல உனக்கே புரியாத விஷயம் ஒண்ணு இருக்கும். அதைக் கொண்டா, போ."

ஒரு வாரம் மோட்டுவளையைப் பார்த்து உக்கார்ந்திருந்தான். அப்புறம் ஒரு நாள் தேங்காய் வாங்கக் கடைக்குப் போனவன் தேங்காய் இல்லாம ஓடி வந்தான். கடைக்குத் தினமும் காலையில டெம்போவுல இட்லி மாவு பாக்கெட் வருது. இருநூறு பாக்கெட். சாயங்காலம் ஒண்ணு மிச்சம் இல்லை. ஆனா எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் வீட்லதான் மாவாட்டறாங்க. அப்ப அந்த இருநூறும் எங்கே போகுது?

சாருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "இது பிரச்சினை! முதல்ல இருபது பேர்கிட்டப் பேசிப் பாத்துட்டு வா"ன்னார். அதுக்கு பைலட் ஸ்டடின்னு பேரு.

நம்ம பக்கம் இது எப்படிப்பட்ட சமாசாரம்னு உங்களுக்குச் சொல்லணுமா? ஊரு உலகத்துக்கே கிரைண்டர் செஞ்சு அனுப்பற ஊருங்க இது. சீர்ல கிரைண்டர் இல்லாமப் பொண்ணை அனுப்புவாங்களா? அதை மூலையில நிறுத்தி வச்சுட்டு பாக்கெட் வாங்கறேன்னு எவ வாயால சொல்லுவா? நீங்க வாங்கறீங்களா அக்கா? பாருங்க, கூடையைச் சரி பண்றீங்க.

இவன் போன் போட்டான் பாருங்க, ஒவ்வொருத்தருக்கா. "வணக்கம்ங்க, நான் எம்.பி.ஏ. மாணவன்ங்க, உங்க வீட்ல மாவு..." உடனே அந்தப் பக்கம், "அடுத்து ஓ.டி.பி. வந்திருக்கும், அதைச் சொல்லுங்கம்பே. தெரியாதாக்கும்? போன வாரம் பேங்க்குல இருந்துன்னு பேசினவன் நீதானே?" இன்னொண்ணு, "எங்க வீட்டு மாவைப் பத்தி உனக்கு யாரு சொன்னது? கடைக்காரனா? அவன் நல்லா இருப்பானா?" இன்னொரு வீட்ல மாமியாரே போனைப் பிடுங்கிட்டாங்க. "எவன்டா அவன், என் மருமககிட்ட மாவு பேசறவன்?" மூணு நாள் கழிச்சு இருபது பேர் சிக்கினாங்க. இருபதும் ஒரே பதில். நாங்க வீட்லதான் ஆட்டறோம்.

"அப்ப இருநூறு பாக்கெட்டையும் எருமை திங்குதா பூபதி?"ன்னார் சார். "உண்மையைச் சொல்ற ஆளைப் பிடி. இல்லாட்டித் தலைப்பை மாத்து."

எங்க அம்மா மட்டும் இதுல சேத்தி இல்லை, முதல்லயே சொல்லிடறேன். தெருவிலேயே பாக்கெட் வாங்காத ஒரே வீடு எங்க வீடுதான். அம்மா ஸ்பின்னிங் மில்லுல வேலை, நாள் பூரா நின்னுக்கிட்டே. இருந்தாலும் சனிக்கிழமையானா மாவு ரெடி. நான் டியூஷன் போயிட்டு வர்றதுக்குள்ள குண்டா நிறைய இருக்கும். பக்கத்து வீட்டு கோகிலாமணி அத்தையே சொல்லுவாங்க, "சாந்தாமணி சனிக்கிழமையானா டாண்ணு கிரைண்டர் போட்டுடுது, எனக்குத்தான் உடம்பு வணங்க மாட்டேங்குது"ன்னு. கிரைண்டரும் எப்படி இருக்கும்ங்கறீங்க? கடையில இருந்து நேத்துத்தான் இறக்கின மாதிரி. ஒரு பொட்டு மாவு ஒட்டியிருக்காது. அவ்வளவு சுத்தம் எங்க அம்மா.

அந்த கோகிலாமணி அத்தை இருக்காங்களே, பாக்கெட்டை முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு வருவாங்க. நான் எதிர்ல போய், "என்னங்கத்தை அது?"ம்பேன். "தயிருங்கண்ணு. தயிரு. உங்க மாமனுக்குச் சூடு." ரெண்டு கிலோ தயிரு! அன்னைக்குச் சாப்பிட உக்கார்ந்ததும் இதை நான் செஞ்சு காட்டணும். அண்ணனுக்குப் புரை ஏறும். அம்மாவும் சிரிப்பாங்க. சிரிச்சுக்கிட்டே தோசையைத் திருப்பப் போயிடுவாங்க. யாராவது புதுசா மாட்டினா அன்னைக்கு எங்க வீட்ல கச்சேரிதான்.

அன்னூர் தாண்டட்டும், சிரிப்புக்கு வந்துடலாம்.

அண்ணன் என்ன பண்ணினான்? கடையில ஒரு காகிதம் ஒட்டினான். 'மாவு பாக்கெட் பற்றிப் பேச விருப்பமா? உங்கள் பெயர் வேண்டாம். எண் மட்டும்தான் போடுவேன்.' கீழே அவன் போன் நம்பர்.

அக்கா, அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கை அரிச்சது. சத்தியமா அரிச்சது.

டியூஷன்ல என்னைத் தவிரப் பன்னெண்டு பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தியோட அம்மா போனா வாங்கி வாங்கி நான் பேசினேன். பன்னெண்டு நாள், பன்னெண்டு பொம்பளைங்க. ஒண்ணு எழுபது வயசு, வாக்கியத்துக்கு ஒரு இருமல். ஒண்ணு கல்யாணமாகி நாப்பது நாள், மாமியார் காதுல விழாம கிசுகிசுன்னு. ஒண்ணு கணக்கு டீச்சர், "கேள்வியைத் தெளிவாகக் கேளுங்க தம்பி." எங்க அண்ணன்! கூடப் பொறந்த அண்ணன்! "அப்படிங்களா... சொல்லுங்கம்மா... அழாதீங்கம்மா"ங்கறான். நான் அழவே இல்லைக்கா. சிரிப்பை அடக்கினது அவனுக்கு அழுகையாக் கேட்டிருக்கு.

இதுவா அந்த இடம்னு கேக்கறீங்களா? இது இல்லை. இன்னும் இருக்கு. கொஞ்சமா வேணா சிரிச்சுக்கங்க.

தினமும் சாப்பிடறப்ப சொல்லுவான். "இன்னைக்கு ஏழாவது ஆள் கிடைச்சாங்கம்மா. மனசு விட்டுப் பேசினாங்க." ஒரு நாள் அம்மா கேட்டாங்க, "பேரு எழுத மாட்டேல்ல சாமி?" "எழுத மாட்டேன்மா, நம்பர் மட்டும்தான்." "அந்தக் காலேஜுக்காரங்க படிச்சுட்டுச் சிரிக்க மாட்டாங்களா?" "இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?" அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அவ்வளவுதான், என்னைக் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு நினைச்சேன். சட்னி வேணும்னு சொல்லிப் பேச்சை மாத்திட்டேன். அப்ப இருந்தே எனக்கு அம்மா மேலயும் ஒரு கண்ணுதான்.

பன்னெண்டையும் அட்டவணை போட்டு சார்கிட்டக் கொண்டு போனான். சார் படிச்சுக்கிட்டே வந்தாராம். ஒன்பதாவது கேள்வியில பேனாவை மூடிட்டாராம். 'மாவு புளிக்க எவ்வளவு நேரம் விடுவீங்க?' அதுக்குப் பன்னெண்டு பேரும் ஒரே பதில். அரை மணி நேரம்.

எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் சமையல்கட்டுப் பக்கம் போறதே தட்டை எடுக்கத்தான். அரிசி, உளுந்து, ஆட்டறது, அரை மணி நேரம், இட்லி. அப்படித்தான் நினைச்சிருந்தேன். எழுபது வயசு இருமலும் அரை மணி நேரம்னுச்சு. நாப்பது நாள் கல்யாணப் பொண்ணும் அரை மணி நேரம்னுச்சு.

"பூபதி, இந்தப் பன்னெண்டு பேரும் வாழ்க்கையில மாவைப் பார்த்தவங்க இல்லை. யாரு இவங்க? உன் ரூமுல உக்கார்ந்து நீயே எழுதினியா? இதோட பேனலுக்கு வந்தேன்னா நானே உன்னை வெளியே அனுப்புவேன்."

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். சாப்பிட உக்கார்ந்தான். சும்மா பேச்சுவாக்குல கேக்கற மாதிரி, "ஏன் சுபி, மாவு புளிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் டக்குன்னு, "அரை மணி நேரம்!"

அம்மா கையில கரண்டி அப்படியே நின்னுச்சு. அண்ணன் தட்டுல கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். சாப்பிடவே இல்லை. திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கலை. ரெண்டு போட்டிருந்தான்னா கணக்கு முடிஞ்சிருக்கும். திட்டாதவங்களை நம்பவே கூடாதுக்கா. எதையோ உள்ளே சமைக்கறாங்கன்னு அர்த்தம். அவன் ரூமைத் தாண்டிப் போனா, லேப்டாப்பை மூடி வச்சுட்டு சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கான். எனக்கும் என்னமோ மாதிரி இருந்துச்சு, இல்லைங்கலை. மன்னிப்புக் கேக்கலாம்னு போய், அருணகிரி சார் குரல்ல கேட்டேன். கதவைச் சாத்திட்டான்.

மூணு நாள் இப்படி. நாலாவது நாள் பார்த்தா ஆளே வேற! தடதடன்னு டைப் அடிக்கறான். பதிமூணாவது ஆள் கிடைச்சுட்டாங்களாம். நிஜ ஆளாம். ஒன்றரை மணி நேரம் பேசினாங்களாம். இந்த ஒருத்தர் சொன்னதே ப்ரொபோசலுக்குப் போதும்னு சாரே சொல்லிட்டாராம். "யாரு அண்ணா?"ன்னேன். "நம்பர் பதிமூணு." "எந்தத் தெரு?" "நம்பர் பதிமூணு." ஒரு சிரிப்பு இல்லை, ஒண்ணு இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அவங்க துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

நான் சும்மா இருப்பேனா? யோசிச்சேன். ஊரே வாயைத் திறக்கலை. திடீர்னு ஒருத்தி எங்கிருந்து வந்து ஒன்றரை மணி நேரம் கொட்டுவா? கட்டுக்கதை. இவனே எழுதியிருக்கான். நான் பன்னெண்டு பண்ணினேன், அவன் ஒண்ணு பண்ணினான்.

ஆனா சார் விடலை. "முன்னாடி பன்னெண்டு பேர் மாதிரி இல்லாம, இவங்களைப் பேனல் நடக்கறப்ப போன்ல பேச வை. பேரு கேக்க மாட்டோம். ஐந்து நிமிஷம் குரலைக் கேட்டாப் போதும்"னு சொல்லிட்டார். பதினோரு மணிக்கு அந்தப் பதிமூணாவது ஆள் போனை எடுக்கணும். எடுக்கலைன்னா எல்லாம் போச்சு.

இப்பப் புரியுதா அக்கா, காப்பியை எதுக்கு 'மறந்து' வச்சுட்டுப் போனான்னு? பொய்யாளுக்குக் குரல் எங்கே இருந்து வரும்? என்கிட்ட இருந்துதான் வரணும்! காலேஜ் வாசல்ல நிக்க வச்சு, "சுபி, கண்ணு, ஒரே ஒரு தடவை"ன்னு காலைப் பிடிக்கப் போறான். அதுதான் நீங்க சிரிக்க வேண்டிய இடம். நான் தயாராப் போய் நிக்கப் போறேன், அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே. அம்மாவையே கொண்டு வரச் சொல்லியிருக்கலாம்ல இதை? அம்மா இன்னைக்கு மில்லுக்கு லீவுதான். தலைவலியாம். காலையில இருந்து போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்காங்க, ஒரு காபி கூடக் குடிக்கலை. என்னைத்தான் போகச் சொன்னாங்க.

உங்க சேலையில ஊக்கு இருக்குங்களா? கொடுங்க. டேப்பைக் கிழிச்சுடலாம். பிரிச்சாத்தானே எந்தக் குரல் பொருந்தும்னு தெரியும்?

இதோ. பதினெட்டாம் பக்கம். நல்லவேளை, சொன்னதை அப்படியே தமிழ்லயே போட்டு, கீழே இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். கோகிலாமணி அத்தை குரல்ல ஆரம்பிக்கறேன்.

"இருபது வருஷம் நானேதாங்க ஆட்டினேன். நாலு வருஷமா முடியலைங்க. ரெண்டு மணிக்கட்டும் வீங்கிக்குது. குழவியைத் தூக்கினா உயிர் போகுது."

ம்ஹூம். அத்தை இவ்வளவு அடக்கமாப் பேச மாட்டாங்க. இருமல் பாட்டியா? அதுவும் வேண்டாம், இவங்களுக்கு வயசு கம்மி. கணக்கு டீச்சர்ல பாப்போம்.

"வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துக் கடையில வாங்குவேன். எங்க தெருவுல வாங்கினாத் தெரிஞ்சுடும். சாப்பாட்டுப் பையில வச்சுக் கொண்டு வந்து குண்டாவுல ஊத்திடுவேன். கவரை மறுநாள் வேலைக்குக் கொண்டு போய்த்தான் போடுவேன்."

நல்லா எழுதியிருக்கான்க்கா, திருட்டுப் பய. நம்பற மாதிரியே இருக்கு. ஆனா டீச்சர் குரலும் உக்கார மாட்டேங்குது. இதுல ஒரு இழுவை இருக்கு, பாத்தீங்களா, ஒவ்வொரு வரியும் முடியறப்ப ஒரு மூச்சு.

"வீட்ல பெரியவனுக்கு இப்பத்தான் தெரியும். இன்னொரு ஆளுக்குத் தெரியக் கூடாதுங்க. அது எல்லார் மாதிரியும் பேசிக் காட்டும்."

பாருங்க! அவங்க வீட்லயும் என்னை மாதிரி ஒண்ணு! இல்லை, இல்லை, இது என்னைக் குத்தறதுக்குன்னே பூபதி வச்சது. நான் படிப்பேன்னு தெரிஞ்சே வச்சிருக்கான். அதுக்குத்தான் அவ்வளவு டேப்பு.

மெதுவாவா? சரி, நீங்க சொல்ற மாதிரி மெதுவாப் படிக்கறேன். எந்தக் குரலும் வைக்காம, வர்ற மாதிரியே படிக்கறேன்.

"தெருவுல யாராவது பாக்கெட் வாங்கினா, சாப்பிட உக்கார்ந்ததும் அவங்க மாதிரியே பேசும். எனக்கும் சிரிப்பு வந்துடும்ங்க. சிரிச்சுட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்குவேன். சனிக்கிழமை அது டியூஷன் போனதும் வெறும் தண்ணியை ஊத்திப் பத்து நிமிஷம் ஓட்டுவேன், பக்கத்து வீட்டுக்குக் கேக்கட்டும்னு. கை வலின்னு சொன்னா வருத்தப்படும், நல்ல பிள்ளைதாங்க. ஆனா மறுநாள் அதையும் பேசிக் காட்டிடுமோன்னு ஒரு பயம். எல்லார் குரலையும் எடுத்துடுச்சு. என்னுது ஒண்ணுதான்..."

அக்கா.

இல்லை, படிக்கறேன். படிக்கறேன். கண்ணுல தூசி. "என்னுது ஒண்ணுதான் இன்னும் எடுக்கலை."

சிரிக்காதீங்கக்கா. இந்தக் குரலை நான் இதுவரைக்கும் பேசிப் பார்த்ததே இல்லை. தானா வந்துடுச்சு. இது எங்க அம்மா.